சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்: ஒரு நிகழ்வு ஆய்வு

உலையில் வைத்த தண்ணீர் மணக்கிறது என்று அம்மா சொன்னபோது, பானையைத் திரும்பக் கழுவிப் பார்க்கச் சொன்னேன். கழுவினார். திரும்பவும் மணந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வெள்ளைப் பேசினில் ஊற்றி, முற்றத்து வெயிலில் வைத்தோம். தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை ஒன்று படர்ந்திருந்தது. ஊதாவும் பச்சையும் மஞ்சளும் கலந்து, பெற்றோல் செட்டின் ஈரத் தரையில் தெரியும் அதே நிறம்.

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆராவது மண்ணெண்ணெயைக் கொட்டிப்போட்டினமோ தம்பி?" என்று கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஈர்க்குக் குச்சியால் அந்த ஆடையைக் கீறிப் பார்த்தேன். இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் சிலவேளை இப்படி மினுக்கம் வரும். அது குச்சி பட்டால் உடைந்து துண்டு துண்டாக நிற்கும். எண்ணெய் என்றால் கீறிய இடம் உடனே திரும்ப மூடிக்கொள்ளும். எங்கள் பேசினில் மூடிக்கொண்டது.

அது 2014. எங்கள் ஒழுங்கையில் மட்டும் வந்த பிரச்சினை இல்லை என்பது அடுத்தடுத்த கிழமைகளில் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம், ஏழாலை, மல்லாகம் என்று பல இடங்களிலும் ஆட்கள் போத்தலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எண்ணெய்க் கசிவு என்றால் எல்லோருக்கும் கப்பல்தான் ஞாபகம் வரும். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதியபின், கடற்கரையில் இளைஞர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கிழக்குக் கடலில் எரிந்தபோது, அதனுள் ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. நல்ல காலம், அந்தச் சரக்கு கடலில் கொட்டவில்லை. கடலில் கொட்டினால் கண்ணுக்குத் தெரியும், செய்தி வரும். எங்களுக்கு வந்தது நிலத்துக்குள்ளால். அதற்குக் கரை இல்லை, அள்ளுவதற்கு இடமும் இல்லை.

நாங்கள் குடிப்பது நடுப்படையை

இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து நிலத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுன்னாகம் இருக்கிற வலிகாமப் பகுதியில் மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழே சுண்ணக்கல். அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் குகையுமாக இருக்கும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அப்படி உண்டானவைதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை இந்த வெடிப்புகளால் இறங்கிப் போய்க் கல்லுக்குள் தேங்குகிறது. அதைத்தான் மற்ற மாதங்களில் கிணற்றால் இறைக்கிறோம்.

அந்த நன்னீர் தனியாகவும் இல்லை. சுற்றிவரக் கடல் என்பதால் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, ஆகவே உப்பு நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பொதுக் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும்.

இப்போது இதற்குள் எண்ணெயைக் கொண்டுவாருங்கள். எண்ணெய் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. மண்ணால் இறங்கி, கல் வெடிப்பால் இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் பரவி நிற்கும். கோடையில் நீர்மட்டம் கீழே போகும்போது கூடவே எண்ணெயும் போய்க் கல்லிலும் மண்ணிலும் பூசிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறும்போது பூசியிருந்தது கழன்று திரும்ப மிதக்கும். அதனால்தான் சில கிணறுகளில் எண்ணெய் காணாமல் போய், அடுத்த மழையோடு திரும்ப வந்தது. மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் குழியும். குழிவுக்குள் சுற்றுவட்டத்து எண்ணெயும் வந்து சேரும்.

சரி, கிணற்றை ஆழமாக வெட்டினால் எண்ணெய்க்குக் கீழே நல்ல தண்ணீர் எடுக்கலாமே என்று பலர் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கீழே உப்பு. மேலே எண்ணெய், கீழே உப்பு, நடுவில் இருக்கிற படையில்தான் முழு வலிகாமமும் உயிர்வாழ்கிறது.

கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கதையும் அப்போது ஓடியது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எண்ணெய் போகாது.

என்ன நடந்தது

சுன்னாகத்தில் மின் நிலையம் இருப்பது புதிதல்ல. எங்கள் அப்பாவின் தலைமுறைக்கே அது தெரிந்த இடம். நீரோடும் ஆறு இல்லாத ஊரில் மின்சாரம் வேண்டுமென்றால் எண்ணெயை எரிப்பதுதான் வழியாக இருந்தது. போர்க்காலத்தில் அந்த வளவில் எண்ணெய்த் தாங்கிகள் தாக்கப்பட்டு எண்ணெய் நிலத்தில் ஓடியது என்று ஊரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். போர் முடிந்தபின்னும் சில ஆண்டுகள் குடாநாடு தேசிய மின் கம்பிகளோடு இணைக்கப்படவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத் தனியார் நிறுவனம் ஒன்று அங்கே மின் பிறப்பாக்கிகளை வைத்து, கன எரிநெய்யை எரித்து மின்சாரம் விற்றது.

அது கறுத்த, தடித்த எண்ணெய். எரிப்பதற்கு முன் சூடாக்கி, வடித்து, அழுக்கைப் பிரிக்கவேண்டும். பிரித்தெடுத்த சேறும், இயந்திரத்தின் பழைய ஒயிலும், கழுவிய தண்ணீரும் தினமும் சேர்ந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் எங்கே விடுகிறார்கள் என்பதுதான் ஒரு எண்ணெய் மின் நிலையத்தில் அயலவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி. நாங்கள் அதைக் கேட்கவில்லை. பல வருட இருட்டுக்குப் பிறகு வீட்டில் விளக்கு எரிந்த சந்தோஷத்தில் இருந்தோம்.

2013 கடைசியில் இருந்து 2014 நடுப்பகுதி வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றர் வட்டத்துக்குள் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதித்த அளவைவிடக் கூட இருந்தன. நான்கில் மூன்று பங்கு என்று சொல்லலாம்.

பிறகு ஊர் எழுந்தது. மாணவர்களும் தாய்மாரும் வைத்தியர்களும் வீதியில் நின்றார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றத்தின் உத்தரவோடு அந்த நிலையத்தில் உற்பத்தி நின்றது. பவுசரில் தண்ணீர் வந்தது. சந்திகளில் கறுத்தப் பிளாஸ்ரிக் தாங்கிகள் வைக்கப்பட்டன. பள்ளிக்கூடம் போக முன் பிள்ளைகள் கானோடு வரிசையில் நிற்பது அந்த வருடத்துக் காட்சி. இரண்டு பக்கமும் கானைக் கொழுவிய சயிக்கிளை அம்மா உருட்டிக்கொண்டு வருவார். வளவுக்குள் கிணறு இருக்க, அதன் கட்டைத் தாண்டித்தான் தாங்கித் தண்ணீருக்குப் போகவேண்டும். அந்தக் கட்டைத் தாண்டும்போது ஒரு நாளும் அவர் கிணற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் மாகாண சபை நியமித்த நிபுணர் குழு வேறு விதமாகச் சொன்னது. ஆபத்தான எண்ணெய்க் கழிவு இல்லை என்ற பொருளில் அதன் முடிவு வெளியானபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு அறிக்கையை நம்பியவர்கள் குடித்தார்கள், மற்றதை நம்பியவர்கள் வாங்கினார்கள். கசிவினால் வந்த சேதத்தில் இதையும் ஒன்றாக எண்ணவேண்டும். கண்ணுக்கு முன்னால் மினுங்குகிற தண்ணீரைப் பற்றிக்கூட ஒரே பதில் கிடைக்காதபோது, ஆட்கள் எந்தப் பதிலையும் நம்பாமல் விட்டுவிடுகிறார்கள். இன்றும் எங்கள் பக்கத்தில் சோதனை அறிக்கை என்றால், யார் செய்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்பது பிறகுதான்.

வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தெற்கைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம். அடிப்படை உரிமை மனுவாகப் போட்டார். 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்த்தன எழுதிய தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரும் மண்ணும் மாசுபட்டதற்கு நிறுவனம் பொறுப்பு, மேற்பார்வை செய்யவேண்டிய அரச அமைப்புகளும் கடமையில் தவறின என்று நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கொடுக்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, ஏற்பட்ட நட்டத்தில் ஒரு பகுதிக்காவது ஈடாக 2 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 500 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 40,000 ரூபாய். ஒரு கிணற்றை முழுக்க இறைத்துத் துப்புரவாக்க அது உதவும். கல் வெடிப்புக்குள் போனதை எடுக்க அது போதாது, அதற்கு எந்தத் தொகை போதும் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அதை அரசு மக்களுக்காகக் காக்கவேண்டும் என்று இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் எங்கள் ஊர்க் கிணறுகளைச் சொல்லி எழுதிவைத்திருக்கிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அந்த எண்ணெய் யாருக்காக எரிந்தது

தவறு செய்தவர் யார் என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பொறுப்பை ஊரின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் அந்த எண்ணெய் சுன்னாகத்துக்கு வந்ததே நாங்கள் சுவிச்சைப் போடுவதற்காக. இதை யோசிக்காமல் இந்த ஆய்வை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு இப்படி. எண்ணெயில் ஓடுகிற பெரிய பிறப்பாக்கி ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கால் லீற்றருக்குக் கொஞ்சம் குறைய எரிக்கும். மாதம் 60 யூனிட் பாவிக்கிற சின்ன வீட்டுக்கு, கம்பியில் போகிற இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 15 லீற்றர். குசினி மூலையில் நிற்கும் மண்ணெண்ணெய்க் கான் ஒன்று அவ்வளவு பிடிக்கும். மாதா மாதம் ஒரு கான் எண்ணெயை எங்கள் வீட்டுக்காக வேறு யாரோ எங்கோ எரிக்கிறார்கள். அதன் கழிவு எங்கே போகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை.

பார்க்கிற இடத்திலும் நாங்கள் கவனமாக இருந்ததில்லை. எங்கள் வீட்டு வேலியைச் சொல்கிறேன். கறையான் ஏறாமல் இருக்க, கட்டைகளின் அடிக்குப் பழைய ஒயில் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். கராச்சில் ஒரு போத்தல் பழைய ஒயில் சும்மா தருவார்கள். பூசி மிஞ்சியதை நான் வேலிக் கரையில் ஊற்றியிருக்கிறேன். அந்த இடத்தில் இருந்து கிணறு பதினைந்து அடி. ஒரு லீற்றர் ஒயில் ஏறத்தாழ 900 கிராம். லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் கலந்தால், அது 9 இலட்சம் லீற்றர் தண்ணீரைத் தொடும். ஆயிரம் லீற்றர் தாங்கி 900 நிரப்பலாம். எல்லாம் அப்படிக் கலந்துவிடாது, கொஞ்சம் மண் பிடித்துவைக்கும். ஆனால் எங்கள் மண் தடிப்பில்லை, கீழே வெடித்த கல். இந்த நிலத்தில் சின்னக் கசிவு என்று ஒன்று கிடையாது.

தோட்டக் கிணறுகளைப் பாருங்கள். வெங்காயம், புகையிலை, மரவள்ளி என்று வலிகாமம் முழுக்க இறைப்புத்தான். ஒரு காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார்கள். இப்போது பாதிப்பேரின் கிணற்றுக் கட்டில் மண்ணெண்ணெய் மிசின் நிற்கிறது. எண்ணெய் விடும்போது சிந்துவதும், காபரேற்றர் ஒழுகுவதும் நேரே கட்டில் ஊறி உள்ளே போகும். மிசின் நிற்கும் இடத்தில் சீமெந்து கறுத்திருக்கும். அது என்ன கறுப்பு என்று நாங்கள் கேட்டதே இல்லை.

எண்ணெய் இல்லாமலும் இருந்திருக்கிறோம்

எண்ணெயைக் குறைப்பது பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு வெளியில் இருந்து யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சயிக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைக் கோத்துத் தொங்கவிட்டு விளக்காக்கினார்கள். அதன் வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஒரு துளி பெற்றோலைச் சின்னப் போத்தலால் காபரேற்றருக்குள் பீச்சி மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணி, மற்றதெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சயிக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள்.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல என்னால் முடியாது. அது எங்கள் மேல் திணிக்கப்பட்டது. ஆனால் எவ்வளவு கொஞ்ச எண்ணெயில் ஒரு நாளை ஓட்டலாம் என்பது அந்தத் தலைமுறையின் கைகளுக்குத் தெரியும். அந்தக் கைகள் இன்னும் எங்களோடு இருக்கின்றன.

2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு திரும்ப வந்தது. யூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். செட்டுக்கு முன்னால் இரவிரவாக வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். ஓகஸ்டில் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது. அது கடற்றொழிலாளரையும் வெங்காயக்காரரையும்தான் நேரே அடித்தது. யாழ்ப்பாணத் தெருக்களில் அந்த மாதங்களில் திரும்ப சயிக்கிள் நிறைந்தது. வங்கிக்குப் போகிறவரும், ரியூசன் பிள்ளைகளும், வைத்தியரும் மிதித்துப் போனார்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் பெரும்பாலான சயிக்கிள்கள் திரும்ப விறாந்தை மூலைக்குப் போய்விட்டன. எனக்கு அதுதான் கவலை. தட்டுப்பாட்டில் முடிந்தது, தாராளத்தில் ஏன் முடியவில்லை? நான் பார்த்தவரை இதற்குச் சோம்பல் காரணம் இல்லை. லொறிக்கும் பஸ்சுக்கும் நடுவில் சயிக்கிளுக்கு ஒதுக்கிய பாதை காங்கேசன்துறை வீதியில் இல்லை. வரிசைக் காலத்தில் தெரு வெறுமையாக இருந்ததால் பயமில்லாமல் ஓடினார்கள்.

பெரிய அளவிலும் சில காரியங்கள் நடக்கின்றன. பளைப் பக்கம் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் காற்றாலைகள் 2014 இல் இருந்து சுற்றுகின்றன. எழுவைதீவில் சூரிய ஒளியும் காற்றும் டீசலும் சேர்ந்த சிறு நிலையம் ஒன்று வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதே மாதிரி அமைப்பதற்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரமும் 530 கிலோவாட் காற்றும் மின்கலமும் அதில் உண்டு. தீவுக்கு டீசலைப் பீப்பாவில் படகேற்றிக் கொண்டுபோய் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். இறங்குதுறையில் ஒரு பீப்பா நழுவினால் போதும்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். கிணறு கெட்ட ஊருக்கு அது வரப்பிரசாதம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த முறையில் ஒரு கன மீற்றருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போகும். எண்ணெய் எரித்த மின்சாரத்தால் கெட்ட தண்ணீருக்குப் பதிலாகத் திரும்பவும் மின்சாரம் கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம். அந்த யூனிட்டுகள் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரவேண்டும் என்று கேட்பதற்கு எங்களைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

எங்கள் ஒழுங்கையில்

எங்கள் பக்கம் நடந்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஏழு வீடு. 2022 க்குப் பிறகு, சந்தைக்கும் சங்கக்கடைக்கும் மோட்டார் சைக்கிள் எடுப்பதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்தோம். அந்த ஓட்டம்தான் பெற்றோலைத் தின்றது. தூரப் பயணம் மாதத்தில் ஒன்றிரண்டுதான், சின்னச் சின்ன ஓட்டம் நாளுக்கு நாலு. மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே ஓட்டோவில் பிள்ளைகளை விடுகிறார்கள். மாமி காஸ் தட்டுப்பாட்டில் கட்டிய விறகடுப்பை இடிக்கவில்லை, பனம் மட்டையும் ஊமலும் இன்னும் அதில் எரிகின்றன. புகைக்கு ஒரு குழாய் வைத்துக் கொடுத்தோம்.

வேலிக்கு ஒயில் பூசுவதை நிறுத்திவிட்டேன். கறையான் வருகிறது. கட்டைகளைச் சீமெந்துக் குத்தியில் ஏற்றி நிறுத்தியதில் கொஞ்சம் குறைந்தது. சந்தியில் உள்ள கராச்காரர் பழைய ஒயிலை இப்போது மூடியுள்ள பீப்பாவில், சீமெந்துத் தளத்தில் வைக்கிறார். முன்பு பின் வளவில் ஒரு கிடங்கு இருந்தது. அவரோடு நான் சண்டை பிடிக்கவில்லை. ஒரு நாள் அவருடைய கிணற்றில் இருந்தே ஒரு வாளி அள்ளி, வெள்ளைப் பேசினில் ஊற்றி, வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் குனிந்து கனநேரம் பார்த்தார். "நான்தானே அண்ணை ஊத்தினது" என்றார். நானும் ஊற்றினவன்தான் என்று சொன்னேன்.

எங்கள் கிணற்றில் இப்போது மணம் இல்லை. ஒவ்வொரு வருடமும் மாரி மழை பிடித்து நீர்மட்டம் ஏறுகிற முதல் கிழமையில் பேசினை வெளியே வைத்துப் பார்ப்போம். குளிக்கவும் தோய்க்கவும் பாவிக்கிறோம். அம்மா மட்டும் இன்னும் அதில் உலை வைக்கவில்லை.

பின் தோட்டத்து ஐயா மண்ணெண்ணெய் மிசினை விடமாட்டார். சோலர் மோட்டருக்கு அவரிடம் பணம் இல்லை, எனக்கும் அது விளங்கும். மிசினைக் கிணற்றுக் கட்டில் இருந்து இறக்கி நாலு அடி தள்ளி வைத்து, கீழே ஒரு தகரத் தட்டுப் போட்டால், சிந்துவது தட்டில் நிற்கும் என்று கேட்டுப் பார்த்தேன். குழாய் நீளம் காணாது என்றார். அளந்து பார்த்தோம், மூன்று அடி குறைகிறது. வெங்காயம் நடுவதற்கு முன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். தட்டு ஏற்கெனவே வெட்டி, கரை மடித்து, எங்கள் விறாந்தையில் இருக்கிறது.